வீட்டுத் தோட்டம்: பூவுக்கு நாமே தூது போகலாம்!

"கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது. பூவும் தினம் பூக்கிறது. பிஞ்சும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் எலுமிச்சங்காய் அளவு வருவதற்குள் மஞ்சளாகி, வெம்பி விழுந்துவிடுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?"

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீட்டில் நாலு கொடி வைத்திருக்கிற பெண்கள் என்னைப் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி இதுதான். சகோதரிகளே, பெரும்பாலும் மருந்தே வேண்டாம். அந்தப் பூவுக்கு ஒரு தூதர் வேண்டும், அவ்வளவுதான். தேனீயும் வண்டும் வராத வீட்டில் அந்தத் தூதர் வேலையை நாமே பார்த்துவிடலாம். காசு செலவில்லை. காலையில் பால் காய்வதற்குள் முடிந்துவிடும்.

ஆண் பூ, பெண் பூ

பூசணிக் கொடியில் (பரங்கி என்றும் சொல்வார்கள்) எல்லாப் பூவும் ஒன்றுபோல மஞ்சளாக இருக்கும். ஆனால் அவை இரண்டு ஜாதி. நீளமான, மெல்லிய காம்பின் மேல் நிற்பது ஆண் பூ. உள்ளே நடுவில் ஒற்றைத் தண்டு இருக்கும். விரலால் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்டும். அதுதான் மகரந்தம். பெண் பூவுக்குக் காம்பு குட்டை. பூவுக்கு அடியில், மலர்வதற்கு முன்பே, கோலிக்குண்டு மாதிரி ஒரு குட்டிப் பூசணி உட்கார்ந்திருக்கும். உள்ளே நடுவில் பிளவு பிளவாக, பிசுபிசுப்பாக ஒரு முடிச்சு இருக்கும்.

அந்தக் குட்டிப் பூசணியைப் பார்த்துத்தான் நாம் "பிஞ்சு பிடித்துவிட்டது" என்று சந்தோஷப்படுகிறோம். வாஸ்தவத்தில் அது இன்னும் பிஞ்சு ஆகவில்லை. ஆண் பூவின் பொடி பெண் பூவின் முடிச்சில் போய் ஒட்டினால்தான் அது பருக்க ஆரம்பிக்கும். ஒட்டாவிட்டால் மூன்று நாலு நாளில் மஞ்சளாகி விழுந்துவிடும். பொடி குறைவாக ஒட்டினால் காய் கோணலாக, ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சூம்பி வளரும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கொடி பூக்கத் தொடங்கியதும் முதல் ஒன்று இரண்டு வாரம் ஆண் பூவாகவே வரும். "இத்தனை பூத்தும் ஒரு பிஞ்சுகூட இல்லையே" என்று பயந்து கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள். பெண் பூ பின்னால் வரும்.

சரி, தூது போக வேண்டிய தேனீ எங்கே போயிற்று? நமக்கு மேற்கே காடு இருக்கிறது. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமான காடு. அடிவாரத்து மாந்தோப்புகளில் வண்டுக்கும் தேனீக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஊருக்குள், சிமெண்டுத் தளத்தின் நடுவே இரண்டாவது மாடியில் இருக்கும் ஒரு தொட்டியைத் தேடிக்கொண்டு தேனீ வர வேண்டுமானால் வழியிலும் நாலு பூ இருக்க வேண்டுமே! ஐப்பசி, கார்த்திகையில் விடாத மழை என்றால் அது கூட்டை விட்டே கிளம்பாது. போதாக்குறைக்குப் பூத்த செடி மேல் நாம் மருந்து வேறு அடிக்கிறோம்.

மார்கழிக் கோலமும் மருமகள் மேல் பழியும்

இரண்டு வருஷத்துக்கு முன்பு மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மார்கழி என்றால் அந்த ஊரின் அழகைக் கேட்க வேண்டுமா? ஆண்டாள் பிறந்த ஊர். விடியுமுன் வாசல் தெளித்து, பெரிய கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வைத்திருந்தார்கள். அந்த வீட்டு வாசலில் மட்டும் ஒன்பது பூ எண்ணினேன்.

கொல்லையில் பூசணிக் கொடி வேலியெல்லாம் ஏறிக் கிடந்தது. ஒரு காய் இல்லை. அடியில் வெம்பிய பிஞ்சுகள் உதிர்ந்து கிடந்தன. மாமியார் என்னிடம் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் அடுப்படியில் இருந்த மருமகளுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

"எல்லாம் இவ செய்ற வேலைம்மா. தூரமா இருக்கற நாள்ல கொடிப் பக்கம் போகாதேன்னா கேட்டாத்தானே? நெழல் பட்டா பிஞ்சு நிக்குமா?"

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். கைக்குழந்தை இல்லை. பூத்தும் காய்க்காத கொடியைப் பற்றி அந்த வீட்டில் பேசும்போதெல்லாம் பேச்சு எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

நான் மாமியாரிடம் வாதாடவில்லை. "பெரியம்மா, கோலத்துப் பூவை யார் பறிப்பது?" என்று கேட்டேன்.

"நான்தான். இருட்டோட எந்திரிச்சு நானே பார்த்துப் பறிப்பேன். பிஞ்சு இருக்கற பூவைத் தொட மாட்டேன். நீளக் காம்புல நிக்கற பூவை மட்டுந்தான் கிள்ளுவேன்."

நல்ல பழக்கம்தான். பெண் பூவைப் பறிக்கக் கூடாது என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. ஆனால் ஆண் பூ ஒன்று விடாமல் கோலத்துக்கு வந்துவிட்டால், பெண் பூ யாரிடம் போய் மகரந்தம் கேட்கும்?

வாசலில் இருந்து ஒரு பூவை எடுத்து வந்து, இதழைப் பிரித்து, அந்த மஞ்சள் பொடியை அவர் விரலிலேயே ஒட்ட வைத்துக் காட்டினேன். கொடியில் அன்று காலை மலர்ந்திருந்த பெண் பூ ஒன்றுதான் இருந்தது. "நீங்களே தடவுங்கள் பெரியம்மா" என்றேன். தடவினார். "நாளையிலிருந்து கோலத்துக்கு ஆறு வையுங்கள். மூன்றைக் கொடியிலேயே விட்டுவிடுங்கள். காலையில் மருமகள் கையால் அதை எடுத்துப் பெண் பூவில் தடவட்டும், எந்த நாளாக இருந்தாலும் சரி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தை மாதம் அந்தப் பெண்ணே ஃபோன் செய்தாள். "அக்கா, அஞ்சு காய் நிக்குது. அத்தை தடவினது ஒண்ணு, நான் தடவினது நாலு!" என்றாள்.

மாதவிலக்குக்கும் செடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெண்ணின் நிழலோ மூச்சோ பிஞ்சை வெம்ப வைப்பதில்லை. "கைராசி" என்பதும் இதே கதைதான். காலையில் கொடியைப் பார்க்கிற கண் இருந்தால் எல்லார் கையும் ராசியான கைதான். கொடி காய்க்கவில்லை என்றால் பெண் பூவை மட்டும் பார்த்துப் பயனில்லை, ஆண் பூ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வீட்டில் குழந்தை தாமதமானாலும் அப்படித்தான். காரணம் பெண்ணிடம் இருக்கலாம், ஆணிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். கணவருக்குச் செய்ய வேண்டிய விந்துப் பரிசோதனை சுலபமானது, வலியில்லாதது. மருமகளை மட்டும் டாக்டர் டாக்டராக அழைத்துப் போகிற வீடுகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

செய்முறை

முதல் நாள் சாயங்காலம் கொடியை ஒரு சுற்றுப் பாருங்கள். மறுநாள் மலரப் போகிற மொட்டு நுனியில் மஞ்சள் ஏறி, உப்பி நிற்கும். எங்கே பெண் மொட்டு, எங்கே ஆண் மொட்டு என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள், அன்று மலர்ந்த ஆண் பூவைக் காம்போடு பறியுங்கள். நேற்றைய பூ உதவாது. இதழ்களை உரித்துவிட்டால் நடுத்தண்டு மட்டும் தூரிகை மாதிரி நிற்கும். அதைப் பெண் பூவின் நடு முடிச்சில் எல்லாப் பிளவிலும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். அழுத்த வேண்டாம். பொடி ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். இரண்டு வேறு ஆண் பூக்கள் கிடைத்தால் இன்னும் விசேஷம்.

பாகல் மாதிரி சின்னப் பூக்களுக்கு, படம் வரைகிற சிறு பிரஷ்ஷோ, தீக்குச்சி முனையில் சுற்றிய பஞ்சோ சௌகரியம். ஈரம் மட்டும் கூடாது. நனைந்த மகரந்தம் கெட்டுவிடும். அதனால் தண்ணீர் ஊற்றுவதானால் வேரில் ஊற்றுங்கள், பூ மேல் தெளிக்காதீர்கள்.

தடவிய பூவின் காம்பில் தளர்வாக ஒரு கலர் நூலைக் கட்டிவையுங்கள். நாலைந்து நாளில் பிஞ்சு பளபளவென்று பருத்து, தலை கவிழ்ந்தால் காரியம் பலித்தது.

எந்தக் கொடிக்கு எந்த நேரம்?

இங்கேதான் பல பேர் ஏமாந்துபோகிறார்கள். எல்லாப் பூவும் காலையில் மலர்வதில்லை.

பூசணி, பாகல், வெள்ளரி, தர்பூசணி: விடியற்காலையில் மலரும். வெயில் ஏறுவதற்குள் தடவிவிட வேண்டும்.

பீர்க்கு: மாலை ஐந்து மணிக்கு மேல் மலரும். விளக்கு வைக்கிற நேரம்தான் இதற்கு நேரம். ஆனால் இதன் தங்கையான மெழுகு பீர்க்கு காலையில் மலரும்!

சுரை, புடல்: வெள்ளைப் பூக்கள். பொழுது சாய்ந்ததும் மலர்ந்து, இருட்டில் வரும் அந்துப்பூச்சிக்காகக் காத்திருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் டார்ச் விளக்கோடு போய்த் தடவிவிட்டு வாருங்கள். குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். புடலம்பூவின் நூல் நூலான இதழ்களைப் பார்த்துவிட்டு அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லி மாளாது!

தக்காளி, கத்திரி, மிளகாய்: இவற்றில் ஆணும் பெண்ணும் ஒரே பூவில். தூது தேவையில்லை, ஒரு தட்டு தேவை. காற்றோ வண்டோ அசைக்காவிட்டால் பொடி உதிராது. காலையில் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். சித்திரை வெயிலில் தக்காளிப் பூ உதிர்ந்தால் மட்டும் சுண்டியும் பயனில்லை. நம் ஊர் வெயில் அதற்கு ஜாஸ்தி. நிழல் கொடுத்துப் பொறுத்திருங்கள்.

எல்லா வெம்பலுக்கும் இது மருந்தல்ல

விழுந்த பிஞ்சை எடுத்து நறுக்கிப் பாருங்கள். தோலில் ஊசி குத்தின மாதிரி புள்ளியும் உள்ளே வெள்ளைப் புழுவும் இருந்தால், அது காய் ஈயின் வேலை. அந்தப் பிஞ்சுகளைக் குப்பையில் போடாமல் ஆழமாகப் புதைத்துவிட்டு, அடுத்த பிஞ்சுகளுக்குத் துணிப்பை கட்டுங்கள். கொடியில் ஏற்கெனவே மூன்று நாலு பெரிய காய் இருந்தால், அதற்கு மேல் வருவதைக் கொடியே உதிர்த்துவிடும். தாங்குகிற அளவுதானே தாங்கும்? எருவை அள்ளிக் கொட்டினாலும் இலைதான் செழிக்கும்.

பூத்த செடிக்குக் காலை வேளையில் பூச்சி மருந்து அடிக்கவே அடிக்காதீர்கள். வருகிற ஒன்றிரண்டு தேனீயும் செத்துப்போகும். தொட்டிகளுக்கு நடுவே துளசி, கொத்தமல்லி பூக்கும்படி விட்டுவையுங்கள். அந்தப் பூவுக்காக வருகிற தேனீ, பாகலையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகும்.

நம் பஞ்சு மில்லுக்குப் பின்னால் உள்ள விரல்கள்

பூவைக் கையால் சேர்ப்பது வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சிரித்தால், அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ராஜபாளையம் பஞ்சு மில்களை வைத்து வளர்ந்த ஊர். ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. 'எஸ்.வி.பி.ஆர்.' என்ற எழுத்துகளோடு வரும் பருத்தி ரகங்கள் அந்த ஊர்ப் பெயரைத் தாங்கியவைதான். இரண்டு ரகங்களைக் கலந்து புது ரகம் உண்டாக்க வேண்டுமென்றால், எத்தனை படித்த விஞ்ஞானியும் கடைசியில் பூவுக்கு முன் குனிந்து நின்று கையால்தான் தடவ வேண்டும்.

பருத்திப் பூவில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருப்பதால் வேலை இன்னும் நுணுக்கம். நாளை மலரப் போகிற மொட்டை இன்று பிற்பகலில் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் கீறி, இதழோடு மகரந்தப் பைகளையும் உரித்து எடுக்க வேண்டும். நடுத்தண்டு ஒடியக் கூடாது, அடியில் உள்ள இளங்காய் கீறக் கூடாது. மறுநாள் காலை வேறு ரகத்துப் பூவின் பொடியை அதில் தடவ வேண்டும். 1970-ல் குஜராத்தின் சூரத்தில் சி.டி. பட்டேல் என்ற விஞ்ஞானி வெளியிட்ட 'ஹைப்ரிட்-4'தான் உலகிலேயே வியாபார முறையில் பயிரான முதல் கலப்பினப் பருத்தி. 1972-ல் தார்வாரிலிருந்து 'வரலட்சுமி' வந்தது. இன்றும் நம் நாட்டில் விதைக்கும் பருத்தியில் பெரும்பகுதி கலப்பினம்தான். அதன் விதை, பூப்பூவாகக் கையால் சேர்த்து உண்டாவது.

அந்தக் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. சிறுமிகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி இந்த வேலைக்கு அனுப்பிய கொடுமை ஆந்திராவிலும் குஜராத்திலும் நம் தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. பூவைத் தொடுகிற பிஞ்சு விரல், விளையாட்டாகத் தன் வீட்டுக் கொடியைத் தொடட்டும். கூலிக்குத் தொட வேண்டாம்.

ஐஸ்கிரீமில் மணக்கும் வெனிலாவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. மெக்ஸிகோவிலிருந்து வந்த அந்தக் கொடி, இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் பூத்தது, காய்க்கவில்லை. 1841-ல் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், ஒரு சின்னக் குச்சியாலும் கட்டைவிரலாலும் மகரந்தத்தைச் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் உலகமெங்கும் தோட்டங்களில் அவன் காட்டிய வழிதான். அவன் கையால் எத்தனையோ பேர் பணக்காரர் ஆனார்கள். அவன் ஏழையாகவே செத்தான்.

புதுப் பூ வேண்டுமா?

கை பழகியதும் செம்பருத்தியில் கலப்புச் செய்து பார்க்கலாம். செம்பருத்தியும் பருத்தியும் ஒரே குடும்பம்தான். நம் வீட்டுச் சாதாரணச் சிவப்புச் செம்பருத்தி லேசில் விதை பிடிக்காது. அடுக்குச் செம்பருத்தியில் பெரும்பாலும் மகரந்தம் இருக்காது. நர்சரியில் கிடைக்கும் ஒற்றை அடுக்கு மஞ்சள், ஆரஞ்சு ரகங்களில் தொடங்குங்கள். தாய்ப் பூ மலர்ந்ததும், பொடி உதிருமுன், அதன் மகரந்தப் பைகளைச் சிறு கத்திரியால் நறுக்கிவிட்டு, நுனியில் உள்ள ஐந்து குமிழிலும் வேறு கலர்ப் பூவின் பொடியைத் தடவுங்கள். நூல் கட்டுங்கள். வெயில் தணிந்த மாதங்களில்தான் இது நிற்கும். காய் பழுப்பாகி வெடிக்க இரண்டு மாதம் போல ஆகும். அந்த விதை முளைத்துப் பூக்க ஒரு வருஷம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஒரே காயில் வந்த இரண்டு விதை, இரண்டு விதமாகப் பூக்கும். அம்மா அப்பா ஒன்றாக இருந்தும் அண்ணன் தம்பி ஒன்றாகவா இருக்கிறார்கள்?

காய்கறியில் கலப்பு வேறு விஷயம். உங்கள் பூசணியில் அடுத்த வீட்டுப் பூசணியின் மகரந்தம் ஒட்டினால் இந்தக் காய் மாறாது. இதன் விதையிலிருந்து அடுத்த வருஷம் வருவது மாறிவிடும். பாட்டி காலத்து விதையை அப்படியே காப்பாற்ற நினைத்தால், முதல் நாள் மாலையே ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் வாய் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்துத் தடவி, பெண் பூவை மறுபடியும் கட்டிவிட்டு, அந்தக் காயை விதைக்கென்று முற்ற விடுங்கள்.

இதில் உடல்நலமும் இருக்கிறது. தானாக முளைத்த கொடியிலோ கலந்துபோன விதையிலோ காய்த்த சுரைக்காயும் வெள்ளரியும் சில சமயம் கடுமையாகக் கசக்கும். அந்தக் கசப்பு விஷம். வாந்தி, வயிற்றுப்போக்கு, சில வேளை ரத்த வாந்திவரை கொண்டுபோய்விடும். வேகவைத்தாலும் போகாது. நறுக்கியதும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் தூக்கி எறியுங்கள். குழந்தைக்கு ஊட்டுவதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். சுரைக்காய்ச் சாறு குடிக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

நல்ல பூசணி ஒன்று விளைந்தால் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். அந்த மஞ்சளில் கண்ணுக்கு வேண்டிய ஏ வைட்டமின் சத்து இருக்கிறது. மிஞ்சிய ஆண் பூவில் பஜ்ஜி போடலாம். மார்கழியில் கோலத்துக்கும் வைக்கலாம். தினமும் மூன்று பூவைக் கொடியிலேயே விடுவதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நாளைக் காலை எழுந்ததும் உங்கள் கொடியில் நீளக் காம்பு எத்தனை, குட்டைக் காம்பு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் யார் மேலாவது பழி இருந்தால், அவர்களையும் கூட அழைத்துக்கொண்டு போய் எண்ணுங்கள்.